சொல்லிட்டுப்போ டீச்சரும் சொல்லாமல் எழுந்த கூட்டமும்

புதுச்சேரிப் பக்கம், தவளக்குப்பத்துக்கும் பாகூருக்கும் நடுவே மரியாதை என்ற வஸ்து இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றால், அதற்கு அரசாங்கம் காரணம் இல்லை, பெற்றோர்கள் காரணம் இல்லை, கோயில்கள்கூடக் காரணம் இல்லை. ஒரே ஒரு பெண்மணிதான் காரணம். இதை நான் எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். இறங்கும்போது சபையைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றும் சொல்வேன். சொல்லாமல் இறங்கினால், கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்து, "சார், சொல்லிட்டுப் போங்க!" என்று கத்திவிடுவார் என்ற பயம் எனக்கு உண்டு.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஊருக்கு அவர் 'சொல்லிட்டுப்போ டீச்சர்'. அவ்வளவுதான். கூரியர்காரர் வந்து நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவோம். 'குழந்தைங்க பள்ளிக்கூடம் வச்சிருக்காங்களே' என்று இழுத்தால்தான், "அட, நம்ம சொல்லிட்டுப்போ டீச்சரா!" என்று தெருக்கோடிவரை கூட்டிக்கொண்டு போய் விடுவோம்.

பள்ளிக்கூடம் என்று நான் சொல்வது, கரும்புக்காரர் என்று ஊரே அழைத்த பெரியவருக்குச் சொந்தமான ஒரு நீளக் கட்டடம். ஒரு காலத்தில் உரமூட்டை அடுக்கிய இடம். மழைக்காலத்தில் இன்றைக்கும் சுவரிலிருந்து யூரியா வாசம் வரும். அதற்கு நேர் எதிரே கரும்புக்காரர் வீடு. காலையில் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு அவரும் அவர் மனைவியும் வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்பார்கள். கரும்பு வெட்டும் நாட்களில் தோல் சீவிய கரும்புத் துண்டும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அவர்கள் கரும்புத் தாத்தா, கரும்பும்மா.

மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள். பெற்றோர் ஆங்கிலத்துக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். என் மகள் யாழினியை நானும் அதற்காகத்தான் விட்டேன். மாதங்கள் போயும் ஆங்கிலம் வருகிற வழியாக இல்லை. ஒரு நாள் போய்க் கேட்டேன்.

"டீச்சர், பாப்பா இன்னும் ஏ, பி, சி, டியே சொல்ல மாட்டேங்குதே?"

"அது எங்க சார் ஓடிடப் போவுது? இருபத்தாறு எழுத்தும் பொஸ்தகத்துல பத்திரமா இருக்குது. எப்ப வேணா எடுத்துக்கலாம். மரியாதை பொஸ்தகத்துல இல்ல. அத இப்பவே உள்ள போட்டாத்தான் உண்டு."

"சரிங்க டீச்சர்" என்று திரும்பி நடந்தேன்.

"சார்! சொல்லிட்டுப் போங்க!"

அவருடைய பாடத்திட்டம் மிகச் சின்னது. யார் வந்தாலும் 'வாங்க' என்று சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். எது கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்கி, கொடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஓடிவிடக் கூடாது. எதிராளி 'சரி, வாங்க' என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வரேன் என்று சொன்னால் வந்தே ஆக வேண்டும்.

இதை அவர் சொல்லிக்கொடுத்த விதம்தான் விசேஷம். புதன்கிழமை 'மாமா வரும் நாள்'. அன்றைக்கு டீச்சர் புடவைக்கு மேல் ஒரு லுங்கியைச் சுற்றி, கண்மையால் முறுக்கு மீசை வரைந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தரையில் தேய்த்தபடி வகுப்புக்குள் நுழைவார். யாரும் 'வாங்க' என்று கூப்பிடும் முன்பே உள்ளே வருவார். விரலை நீட்டி நீட்டிப் பேசுவார். தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுவார். முறுக்குத் தட்டை ஒற்றைக் கையால் பிடுங்கி மொத்தத்தையும் தின்பார். ஏப்பம் விடுவார். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் எழுந்து நடப்பார்.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது. "மாமா, செருப்பு! மாமா, ரெண்டு கை! மாமா, சொல்லிட்டுப் போங்க!" என்று கட்டடமே அதிரும். மாமா ஒவ்வொரு புதன்கிழமையும் கொஞ்சமாவது திருந்துவாரா என்று அவர்கள் உயிரைக் கொடுத்துக் கத்துவார்கள். மாமாவோ அடுத்த புதன்கிழமை அதைவிட மோசமாக வருவார். ஒரு நாள் ஒரு பையன் கோபத்தில் மாமாவை அடிக்கவே போய்விட்டான். என் மகள் குறுக்கே நின்று தடுத்தாளாம்: "அடிக்காத டா. பாவம், அவரு நம்ம டீச்சர்கிட்ட படிக்கல. அதான் இப்படி."

இப்படித் தயாரான பட்டாளம் ஊருக்குள் இறங்கினால் என்ன ஆகும்?

முதலில் மாட்டியவர் நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா. "மீனேய்" என்று அவர் தெருவில் குரல் கொடுத்ததும், பள்ளிக்கூட ஜன்னல் முழுக்க முகங்கள் முளைத்து, "வாங்க அக்கா! ஒக்காருங்க அக்கா! தண்ணி குடிங்க அக்கா!" என்று ஒரே குரலில் கத்தின. அக்கா பயந்துபோய் தலையிலிருந்த அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டார். முதல் நாள் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து இரண்டு வார்த்தை திட்டினார். இரண்டாம் நாள் தண்ணீர் குடித்தார். பிறகு அவருக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால், "இன்னா டீச்சர், நேத்து ஒரு வாய் தண்ணிக்கு ஆளில்ல?" என்று சண்டைக்கு வருவார்.

அடுத்தது பஸ். பிள்ளைகளைப் பாகூர் ஏரி பார்க்கக் கூட்டிப்போன நாள். இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையும் படியில் நின்று, கைகூப்பி, "போயிட்டு வரேன் அண்ணா" என்றது. கண்டக்டர், "சரி, சரி" என்றால் போதாது. 'வாங்க' வராமல் நகராது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

"டீச்சர், டைம் ஆவுது! எல்லாம் சேந்து மொத்தமா ஒரு தடவ சொல்லக் கூடாதா?"

"மொத்தமா சொல்றதுக்கு அது இன்னா கோஷமா? அவங்கவங்க போறதுக்கு அவங்கவங்கதான் சொல்லணும். நீங்க வாங்கன்னு சொல்லுங்க தம்பி, புள்ள நிக்குது பாருங்க."

அதற்கப்புறம் வந்தது தேர்தல். வேட்பாளர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் நின்று குழந்தைகளைப் பார்த்துக் கும்பிட்டார், ஒரு குழந்தையைத் தூக்கிப் படமும் எடுத்துக்கொண்டார். இறக்கி விட்டுவிட்டு விடுவிடுவென்று ஜீப்புக்கு நடந்தார். பின்னாலேயே பட்டாளம் ஓடியது. "சொல்லிட்டுப் போங்க! சொல்லிட்டுப் போங்க!" ஊரே பார்க்கிறது. மனிதர் அசடு வழியத் திரும்பி, "போயிட்டு வரேன் கண்ணுங்களா" என்றார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் வாசலிலேயே நின்றன.

"டீச்சர், கும்புட்ட மாமா வரேன்னாரே, வரல?"

"வருவாரு. அவருக்கு மட்டும் அஞ்சு வருஷம் ஆவும்."

வீட்டில் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? புதுச்சேரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் எனக்கு வேலை. மேலாளர் கொஞ்சம் முசுடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அழைத்தார், பேசினேன், எல்லோரும் செய்வதுபோல் "ஓகே சார்" என்று கட் பண்ணினேன். யாழினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்பா, சொல்லல!" போனில் பேசினால் அதெல்லாம் தேவையில்லை என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் மேலாளரைத் திரும்ப அழைத்தேன்.

"சார், போயிட்டு வரேன் சார்."

"எங்கய்யா போற? வேற எடத்துல வேல கெடச்சிடுச்சா?" என்றார், அதுவரை நான் கேட்டிராத ஒரு மென்மையான குரலில். அந்த மாதம் முழுக்க என்னிடம் அவர் எரிந்து விழவே இல்லை. மரியாதையால் ஆகாத காரியம் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்படி எல்லாம் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தபோது, கரும்புக்காரர் இறந்துபோனார். இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வாசலில் 'வாங்க' சொல்ல ஆள் இல்லை. டீச்சர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பிள்ளைகளிடம், "தெனம் நம்மள வாங்கன்னு கூப்புட்ட மனுஷன். நாம போயி கரும்பும்மாவ பாத்துட்டு வரணும்" என்றார். குழந்தைகளைத் துக்கம் விசாரிக்கக் கூட்டிப்போவது உண்டா என்று என் மனைவி உட்பட நாலு பேர் கேட்டார்கள். "எதிர் வூட்டுல சாவு. நாம ஜன்னல சாத்திகினு ரைம்ஸ் பாடணுமா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

நான் அன்று காலை அலுவலகம் போவதற்கு முன்னால் அங்கேதான் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்தன. வாயில் விரல். செருப்பை ஓரமாக ஜோடி ஜோடியாக விட்டன. மாலை போட்ட படத்துக்கு முன்னால் கைகூப்பின. சுவரோரம் உட்கார்ந்திருந்த கரும்பும்மாவுக்கு எதிரே சத்தமில்லாமல் உட்கார்ந்தன. ஒரு பிள்ளை இருமவில்லை, ஒரு பிள்ளை தண்ணீர் கேட்கவில்லை. உறவுக்காரப் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அப்பா என்ற முறையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் எழுந்தார். நம் ஊர் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார். பிள்ளைகளும் பின்னால் நடந்தன. செருப்பைப் போட்டன. அப்புறம், யாரும் சொல்லாமலே, தினம் செய்கிற காரியமாக, அத்தனையும் வாசல் பக்கம் திரும்பி, கைகூப்பி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து,

"போயிட்டு வரோம் கரும்பும்மா!"

என்றன.

துக்க வீட்டில் எதைச் சொல்லக் கூடாதோ அதை. வந்தவர்கள் சொல்லாமல் எழுந்து போக வேண்டிய ஒரே வீடு அதுதான். வரேன் என்று சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இது நமக்கு எப்போது யார் சொல்லிக்கொடுத்தது என்றே நினைவில்லாமல் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க டீச்சருக்குத் தோன்றவில்லை.

அத்தோடு முடிந்ததா? பந்தலே உறைந்துபோய் இருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் நகரக் கூடாது என்பது சட்டம் ஆயிற்றே. பிள்ளைகள் நின்றன. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் பலமாக ஒரு முறை சொல்லின. ஒரு பையன் தன் பங்குக்கு, "சீக்கிரமா வரோம்!" என்றும் சேர்த்துக்கொண்டான். என் மகள் கையை வேறு ஆட்டினாள். நான் நாற்காலிக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கரும்புக்காரர் மகன் குமரேசன் எழுந்து வந்து, "போங்க, போங்க" என்று பிள்ளைகளைக் கோழி விரட்டுவதுபோல் விரட்டினார். ஓசூரில் கம்பெனி வேலை. ஒரே மகன். முகம் சிவந்திருந்தது.

அடுத்து நடந்ததை என் மகளும் டீச்சரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த புதன்கிழமை. டீச்சர் அன்றைக்கு லுங்கியை எடுக்கவில்லை, மனசு சரியில்லை. பிள்ளைகள் மாமாவுக்காகக் காத்திருந்தன. அப்போது ஷூவோடு, யாரையும் கேட்காமல், விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார் குமரேசன்.

பிள்ளைகள் துள்ளிக் குதித்தன. "மாமா! செருப்பு!"

"இன்னா டீச்சர் நெனச்சிகினு இருக்கீங்க?" என்று விரலை நீட்டினார் குமரேசன்.

"மாமா, வெரல் நீட்டக் கூடாது!"

"எங்கம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி. அடுத்த சாவுக்கு சீக்கிரமா வரோம்னு வாசல்ல நின்னு கத்த வைக்கிறீங்க. இதான் நீங்க சொல்லித்தர மரியாதையா? அப்பா எடம் குடுத்தாரு. நான் குடுக்க மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க!"

யாழினி ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள். அவர் கையை வீசியதில் டம்ளர் உருண்டது. பிள்ளைகளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. டீச்சர்கூட இவ்வளவு தத்ரூபமாகச் செய்ததில்லை. கடைசியில் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி நடந்ததும், "மாமா, சொல்லிட்டுப் போங்க!" என்று கத்திவிட்டு, மொத்த வகுப்பும் எழுந்து நின்று கைதட்டியது.

அன்று மாலை நான் போனபோது, டீச்சர் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தார். கட்டடம் போனால் வேறு கட்டடம் கிடைக்காது. அதற்குள் நாலைந்து பெற்றோர் பிள்ளைகளைத் தவளக்குப்பத்து வேன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தப்பு எம்மேலதான் சார். எல்லா எடத்துலயும் சொல்லுன்னு சொன்னேன். சொல்லக் கூடாத எடம் ஒண்ணு இருக்குதுன்னு சொல்லல. இன்னிக்கி சொன்னேன். உங்க பொண்ணு இன்னா கேட்டுச்சி தெரியுமா? 'அப்ப கரும்பும்மாவ பாக்க இனிமே வரவே மாட்டோமா டீச்சர்?'ன்னு கேட்டுச்சி."

"குழந்தைதானே டீச்சர், மறந்துடும்."

"மறக்கக் கூடாது சார்! வரேன்னு சொன்னா வரணும்னு நான்தானே கத்துக்குடுத்தேன்? இதுங்க வரேன்னு சொல்லிட்டு வந்திருக்குங்க. காரியம் முடியட்டும். நான் இட்டுகினு போவத்தான் போறேன்."

அவருடைய குரல் பழையபடி ஏறிவிட்டிருந்தது. காலி பண்ணு என்று சொன்ன மனிதர் வீட்டுக்கு, எதைச் சொல்லி விரட்டப்பட்டார்களோ அதையே நிறைவேற்றப் போகிறாராம். வேண்டாம் டீச்சர் என்றேன். ஊரில் நிறையப் பேர் சொன்னார்கள். மீன்கார அக்கா மட்டும், "போங்க டீச்சர், ரெண்டு அடி உழுந்தா நான் வரேன்" என்றார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள் சாயங்காலம், டீச்சர் மிச்சமிருந்த பிள்ளைகளோடு தெருவைக் கடந்தார். துணைக்கு நானும் போனேன். துணை என்றால், கடைசியில் நின்றேன்.

கேட்டில் குமரேசன். "எதுக்கு வந்தீங்க?"

டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "அன்னிக்கி வரேன்னு சொல்லிட்டுப் போச்சிங்க தம்பி. அதான் வந்திருக்குங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு குமரேசா? பசங்களா? வந்துட்டாங்களா?"

கரும்பும்மா வாசலுக்கு வந்துவிட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார்.

"தெனம் சாயங்காலம் வாசல்ல ஒக்காந்து இன்னாம்மா பாக்கறன்னு கேட்டியே, இதுங்களத்தான் பாத்துகினு இருந்தேன். எத்தினி பேரு வந்தாங்க அப்பாவுக்கு. அத்தினி பேரும் சொல்லாம எழுந்து போனாங்க. அது மொறதான், நான் கொற சொல்லல. ஆனா கடசி ஆளும் அப்படியே எழுந்து போனப்ப, இனிமே இந்த வூட்டுக்கு யாருமே வரப் போறதில்லன்னு இருந்துச்சிப்பா. இதுங்கதான் வரேன்னு சொல்லிச்சிங்க. நான் வாங்கன்னு சொன்னேன். யாரு காதுலயும் உழல."

குமரேசன் கேட்டைப் பிடித்தபடி நின்றார். யாழினி அவர் சட்டை நுனியை இழுத்தாள்.

"மாமா, வந்தவங்கள வாங்கன்னு சொல்லணும்."

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். "வாங்க" என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து இன்னொரு முறை, "உள்ள வாங்க" என்றார். தண்ணீரும் அவரே கொண்டுவந்தார். பிள்ளைகள் இரண்டு கையால் வாங்கி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தன.

அப்புறம் பிள்ளைகள் கரும்பும்மாவைச் சுற்றி உட்கார்ந்து, ஏரி பார்க்கப் போனது, பஸ் நின்றுபோனது, ஐந்து வருஷத்தில் வரப்போகும் கும்பிட்ட மாமா, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லின. கரும்பும்மா ஒரு இடத்தில் சிரித்தார். குமரேசன் சட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போனார், வெகு நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கிளம்பும் நேரம். சங்கடம் இங்கேதான். பிள்ளைகள் புதுப் பாடத்தை நன்றாகப் படித்திருந்தன. எழுந்தன, தலையைக் குனிந்தன, செருப்பைப் போட்டன. வாய் தவறி வந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டைப் பார்க்க நடந்தன. டீச்சரும் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து நடந்தார்.

கரும்பும்மா படியிறங்கி வந்தார்.

"இன்னாடி இது? சொல்லிட்டுப் போங்க!"

எங்கள் ஊரில் டீச்சரைப் பேச்சில் மடக்கிய ஆள் யாரும் கிடையாது. அன்றைக்கு அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள்தான் கையை எடுத்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, "போயிட்டு வரோம் கரும்பும்மா!" என்றன.

"சரி, வாங்க. நாளைக்கும் வாங்க."

கேட்டருகில் குமரேசன் தயங்கித் தயங்கி டீச்சரிடம் ஒன்று கேட்டார். "அன்னிக்கி நான் வந்து கத்துனேனே, பசங்க எதுக்கு டீச்சர் கைதட்டுனாங்க?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா நடிச்சீங்க தம்பி."

காலி பண்ணுகிற பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை. ஓசூர் கிளம்பிய அன்று குமரேசன் காரைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தி, ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "போயிட்டு வரேன்" என்று சொல்லி, அத்தனை பிள்ளையும் 'வாங்க' சொல்லும்வரை நின்றுவிட்டுப் போனாராம். பிள்ளைகளுக்கு அதில் ஒரே வருத்தம். மாமா திருந்திவிட்டார், இனி புதன்கிழமை என்ன செய்வது? டீச்சர் மறுபடியும் லுங்கியை எடுத்துச் சமாளித்தார்.

யாழினி இப்போது தவளக்குப்பத்தில் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். ஏ, பி, சி, டி வந்துவிட்டது. டீச்சர் சொன்னபடி அது எங்கேயும் ஓடிப்போகவில்லை. அந்தத் தெருவில் எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை. அலுவலகம் போக அது சுற்று வழியும்கூட. ஆனாலும் தினம் காலையில் பைக்கை அந்தப் பக்கம்தான் திருப்புகிறேன். ஜன்னலோரம் கொஞ்சம் மெதுவாக்கி, "போயிட்டு வரேன் டீச்சர்" என்று குரல் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து "வாங்க சார்" என்று வரும்வரை ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். மறுநாளும் அந்த வழியாகப் போக ஒரு காரணம் வேண்டுமென்றால், இன்றைக்கு 'வரேன்' என்று சொல்லியாக வேண்டுமே.